செவிக்கு ஏற்ற ஒலிபெருக்கி

நெகிரி செம்பிலானில் ரந்தாவ், லாபு, பகாவ் ஆகிய வட்டாரங்களில் ரப்பர், செம்பனைத் தோட்டங்கள் உள்ளன. தோட்டத்து மாரியம்மன் கோவிலில் திருவிழா தொடங்கினால், கம்பத்தில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கி அனைவருக்கும் செய்தி சொல்லும். செம்பனை வரிசைகளைத் தாண்டியும் பக்திப் பாடல் ஒலிக்கும். அதே கூம்பை வீட்டுக் கூடத்தில் வைத்தால் என்ன ஆகும்? பாடகரின் குரல் காதைத் துளைக்கும். தவிலின் அதிர்வோ காணாமல் போகும். குறைந்த மின்திறனில் குரலை நெடுந்தூரம் கொண்டு செல்வதே கூம்பின் வேலை. ஆகவே, எந்த இடத்திற்கு, எதற்காக என்பதே ஒலிபெருக்கி வாங்குவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

தோட்டத்துக் குடும்பம் ஒன்று பல மாதங்கள் சிறுகச் சிறுகச் சேமித்த 300 ரிங்கிட்டுடன் சிரம்பானுக்குச் செல்வதாகக் கொள்வோம். தவறான பொருளை வாங்கிவிட்டால் மறுமுறை வாங்க வழியிராது. அத்தகைய குடும்பத்திற்குப் பணத்தைவிடப் பொருளறிவே பெரிய துணை.

மனிதச் செவி ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளைக் கேட்கும். இவை அனைத்தையும் ஒரே கூம்புத்தாள் செம்மையாகத் தருவது கடினம். எனவே, வீட்டு ஒலிபெருக்கிப் பெட்டியில் பெரும்பாலும் தாழ்ந்த ஒலிக்கு வூஃபரும் உயர்ந்த ஒலிக்கு டுவீட்டரும் இருக்கும். சிறிய கூடத்திற்கு இவ்விரண்டும் நன்கு அமைந்த ஓர் இணைப் பெட்டிகளே போதும்.

கடையில் பலரை மயக்குவது வாட் எண். 50 வாட்டை 100 வாட்டாக உயர்த்தினால் ஒலி இருமடங்காகும் என்று எண்ணுவது தவறு; கூடுவது 3 டெசிபல் மட்டுமே. ஆகவே, உணர்திறன் அளவையும் பார்க்க வேண்டும். ஒரே மின்திறனில் 87 டெசிபல் தரும் பெட்டியைவிட 90 டெசிபல் தரும் பெட்டிக்கு, அதே ஒலியளவை எட்டப் பாதி மின்திறனே போதும். மேலும், ஆம்பிளிபையர் தாங்கும் ஓம் அளவுக்குக் குறைந்த ஒலிபெருக்கியை அதனுடன் இணைக்கக் கூடாது. அது சூடேறிப் பழுதாகலாம்.

பழைய பெட்டியையும் தயங்காமல் பார்க்கலாம். ஆனால், 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்பதை மறக்கக் கூடாது. வூஃபரின் ஓரத்தில் உள்ள நுரை வளையம் காலப்போக்கில் உதிரும். நம் நாட்டின் வெப்பமும் ஈரப்பதமும் அதை விரைவுபடுத்தும். ரப்பர் வளையம் பொதுவாக அதிக காலம் உழைக்கும். கூம்புத்தாளை விரல்களால் சீராக, மெல்ல அழுத்தும்போது உரசும் ஒலி கேட்டால் அதை வாங்காமல் இருப்பதே நன்று. பிறகு, பலமுறை கேட்டுப் பழகிய பாடல் ஒன்றை ஒலிக்கவிட வேண்டும். நன்கறிந்த குரல் மூக்கடைத்தாற்போல் ஒலித்தால் குறை எங்குள்ளது என்று செவியே சொல்லிவிடும்.

வாங்கிய பின்னும் ஒரு பணி உண்டு. அதற்குக் காசு வேண்டாம். இரு பெட்டிகளும் கேட்பவரும் முக்கோணமாக அமையுமாறு வைக்க வேண்டும். டுவீட்டர் காதின் உயரத்தில் இருக்க வேண்டும். மூலையில் நெருக்கி வைத்தால் தாழ்ந்த ஒலி மிகுந்து பாடல் வரிகள் மங்கும். சற்று முன்னே இழுத்தால் குரல் தெளியும்.

வரிசை வீடுகளில் ஒரு வீட்டின் சுவர் அடுத்த வீட்டிற்கும் சுவர். அதிகாலையில் பால்வெட்டப் புறப்படுபவர் அச்சுவருக்கு அப்பால் உறங்கலாம். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பது செலவுக்கு மட்டுமன்று, ஒலிக்கும் பொருந்தும். குறைந்த ஒலியிலும் ஒவ்வொரு சொல்லையும் தெளிவாகத் தருவதே நல்ல ஒலிபெருக்கி.

கருத்துணர் வினாக்கள்

1. கூம்பு ஒலிபெருக்கி வீட்டுக் கூடத்திற்கு ஏன் பொருந்தாது?
2. வாட் எண்ணை மட்டும் நம்பி வாங்குவது ஏன் தவறு?
3. 'விரலுக்குத் தகுந்த வீக்கம்' என்பது இப்பகுதியில் எவ்விரு பொருளில் வந்துள்ளது? விளக்குக.