கடைக் கேமராவின் மெமரி கார்டு: படம் தெரிந்தால் மட்டும் போதுமா?



மாமல்லபுரம் பக்கம் உள்ள எங்கள் மளிகைக் கடையில் ஒரு மாதக் கடைசியில் நல்லெண்ணெய் டின் இரண்டு கணக்கில் குறைந்தது. கிடங்கு வாசலில் கேமரா இருக்கிறது, கைப்பேசியில் எந்நேரமும் படம் தெரிகிறது, பார்த்துவிடலாம் என்று தைரியமாக இருந்தோம். பழைய பதிவைத் திறந்தால், பத்தொன்பது நாட்களுக்கு முன்பே அது நின்றுபோயிருந்தது. அதற்குப் பிறகு ஒரு நிமிடம்கூடப் பதிவாகவில்லை. கிடங்குச் சாவி வைத்திருந்த தம்பி எங்களிடம் எட்டு ஆண்டுகளாக வேலை பார்ப்பவர். அவரிடம் கேட்கக் கூடாத விதத்தில் ஒரு கேள்வி கேட்டுவிட்டோம். நான்காம் நாள் மொத்த வியாபாரியே போன் செய்து, எங்கள் டின் இரண்டும் வேறு கடையில் தவறி இறங்கிவிட்டன என்றார். டின் வந்து சேர்ந்தது. தம்பியும் எங்களோடுதான் இருக்கிறார். ஆனால் சாவியை மட்டும் இன்றுவரை கையில் வாங்குவதில்லை.

நாங்கள் செய்த தவறு எளிமையானது. படம் தெரிவதும் பதிவாவதும் ஒன்று என்று நினைத்தோம். அவை இரண்டும் தனித்தனி வேலைகள். கைப்பேசியில் தெரியும் படம் இணையம் வழியாக வருகிறது. பதிவோ கேமராவுக்குள் செருகியுள்ள நகக்கண் அளவு மெமரி கார்டில் எழுதப்படுகிறது. கார்டு செத்துப்போனாலும் படம் வந்துகொண்டேதான் இருக்கும். அமைப்புப் பக்கத்தில் எங்கோ ஒரு மூலையில் 'கார்டு பிழை' என்று ஒரு வரி இருக்கும், அதை யார் போய்ப் பார்க்கிறோம்? இப்போது சனிக்கிழமை இரவு நாள்வழி எழுதும்போது, முந்தின நாள் பதிவில் ஏதாவது ஒரு நேரத்தைத் திறந்து ஓடவிட்டுப் பார்க்கிறோம். ஒரு நிமிட வேலைதான்.

கார்டு ஏன் சாகிறது? கல்யாணத்தில் படம் எடுக்கும் கேமராவில் கார்டுக்கு ஓய்வு உண்டு. கடைக் கேமரா இரவு பகலாக எழுதுகிறது. கணக்குப் பார்ப்போம். விநாடிக்கு ஒரு மெகாபிட் வேகத்தில் பதியும் கேமரா மணிக்கு 450 எம்.பி., நாளைக்கு 10.8 ஜி.பி. எழுதும். 32 ஜி.பி. கார்டு மூன்று நாளைக்குள் நிரம்பிவிடும். பிறகு பழையதை அழித்து அதன்மேல் எழுதும். ஆண்டுக்கு 120 தடவைக்கு மேல் முழுக் கார்டும் அழித்து எழுதப்படுகிறது. படத் தரத்தைக் கூட்டினால் இது இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆகும். ஃபிளாஷ் நினைவகத்தின் ஒவ்வொரு அறையையும் இத்தனை முறைதான் அழித்து எழுதலாம் என்று ஓர் எல்லை உண்டு. அது நெருங்கும்போது சில கார்டுகள் 'படிக்க மட்டும்' என்ற நிலையில் உறைந்துவிடும். எங்களுடையது அப்படித்தான். ஃபார்மட் செய்தால் 'முடிந்தது' என்று வரும், திறந்தால் அதே பழைய பதிவுகள் அப்படியே நிற்கும். இதற்கு மருந்து இல்லை, புதுக் கார்டுதான்.

இந்தக் கணக்கில் நமக்கு இன்னொரு பாடமும் இருக்கிறது. சரக்குக் குறைவு நமக்குத் தெரிவது பெரும்பாலும் மாதக் கடைசி இருப்பெடுப்பில். அதற்குள் 32 ஜி.பி. கார்டு பத்து முறை தன்னைத்தானே அழித்துக்கொண்டிருக்கும். 128 ஜி.பி. என்றால் பதினொரு நாள் கிடைக்கும். ஆகவே கிடங்கு இருப்பை வாரந்தோறும் எண்ணாதவர்களுக்குக் கேமராவால் பாதிப் பயன்தான்.

வாங்கும்போது 'ஹை என்ட்யூரன்ஸ்' என்று அச்சிட்ட, இடைவிடாத பதிவுக்கென்றே செய்த கார்டாகப் பார்த்து வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஆனால் பொறுக்கும். பழைய கேமராக்கள் சில 32 ஜி.பி.க்கு மேற்பட்ட கார்டைப் படிக்காது. கோப்பு முறையே வேறு என்பதால் இப்படி ஆகிறது, கார்டின் குறை அல்ல. போலிகளும் நிறைய உலவுகின்றன. மேலே 256 ஜி.பி. என்று அச்சிட்டு உள்ளே 8 ஜி.பி. மட்டும் வைத்திருப்பார்கள். எட்டு நிரம்பும்வரை ஒழுங்காக எழுதும், பிறகு வருவதெல்லாம் காற்றில் போகும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளைக் கணினியில் போட்டால், கார்டு முழுவதும் எழுதித் திருப்பிப் படித்து உண்மை அளவைச் சொல்லிவிடும். எடைக்கல்லைச் சோதிக்கும் நாம் இதையும் சோதிக்கலாமே.

கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை கடலோரத்தில் கடை வைத்திருப்போருக்கு உப்புக் காற்றும் ஒரு தொல்லை. கார்டின் பின்புறத் தகடுகளிலும் செருகும் இடத்துக் கம்பிகளிலும் ஈரமும் உப்பும் படிந்தால் 'கார்டு இல்லை' என்று கேமரா சொல்லும். மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கார்டை எடுத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் தகடுகளை மெல்லத் துடைத்து, நன்றாக உலரவிட்டுச் செருகினால் பல நேரம் சரியாகிவிடும். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் எச்சில் தொட்டுத் துடைப்பதும் வேண்டாம். அட்டையைச் சுற்றியுள்ள ரப்பர் மூடியையும் இறுக்கமாகப் போடுங்கள். தகரக் கூரையின் அடியில் வெயிலில் வேகும் இடத்தில் கேமராவை மாட்டாதீர்கள்.

மின்தடையும் கார்டைக் கெடுக்கும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கோப்பு அட்டவணை பாதியில் சிதைகிறது. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரை கடந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டோம். அப்படிப்பட்ட நாட்களில் புயல் வருமுன்பே கேமராவை முறையாக நிறுத்திவிடுவது நல்லது. சிறிய யு.பி.எஸ். இருந்தால் அன்றாட மின்தடைக்குப் போதும். இன்னொன்று, மின்சாரம் திரும்பி இணையம் வராவிட்டால் சில கேமராக்களின் கடிகாரம் 1970 ஜனவரி 1-க்குப் போய்விடும். பதிவு தொலைந்தது என்று பதறுமுன் அந்தத் தேதியிலும் தேடிப் பாருங்கள்.

முக்கியமான பதிவு இருக்கும் கார்டு தகராறு செய்தால் முதலில் கேமராவை நிறுத்திக் கார்டை வெளியே எடுங்கள். மேலே ஒரு நிமிடம் எழுதினாலும் பழையது அழியும். கணினியில் போட்டதும் 'ஃபார்மட் செய்யவா?' என்று கேட்கும், வேண்டாம் என்று சொல்லுங்கள். கேமரா மாட்ட வந்த பையனும் அதையேதான் சொல்வார், அவருக்கும் வேண்டாம் என்று சொல்லுங்கள். கை தவறி அழுத்திவிட்டாலும் உடனே நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. விரைவு ஃபார்மட் என்பது பேரேட்டின் அட்டவணைப் பக்கத்தைக் கிழிப்பது போன்றது, உள்பக்கங்கள் இன்னும் இருக்கும். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் அந்தப் பக்கங்களைத் தேடி எடுக்கும். மீட்டதை அதே கார்டில் சேமிக்காமல் கணினியில் சேமிக்க வேண்டும். நீண்ட வீடியோ துண்டு துண்டாகக் கிடப்பதால் முழுதாக மீள்வது அரிது, புகைப்படங்கள் எளிதில் கிடைக்கும். கேமராவிலேயே ஃபார்மட் செய்து, புதுப்பதிவும் ஓடிவிட்டால் வாய்ப்பு மிகக் குறைவு.

திருட்டு என்று காவல் நிலையம் போக வேண்டியிருந்தால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 2023-ன் 63ஆம் பிரிவை அறிந்திருப்பது நல்லது. மின்னணுப் பதிவின் நகலைச் சாட்சியமாகத் தர, கருவிக்குப் பொறுப்பானவரும் ஒரு நிபுணரும் கையொப்பமிட்ட சான்றிதழ் வேண்டும். கோப்பின் அடையாளமான 'ஹாஷ்' குறியையும் அதில் எழுத வேண்டும். ஆகவே நகல் எடுத்த பிறகு அசல் கார்டைத் திரும்பக் கேமராவில் போடாமல் உறையில் வையுங்கள். எடுத்த நாள், நேரம், எடுத்தவர் பெயர், கேமராக் கடிகாரம் சரியான நேரத்துக்கு எத்தனை நிமிடம் முன்பின்னாக ஓடியது என்ற விவரங்களை உறைமேல் அன்றே எழுதிவிடுங்கள்.