பனிச்சரிவு

புதுக்கோட்டை மாவட்டத்து ஆலங்குடி, செம்மண் நிலம் சூழ்ந்த ஊர். அங்குப் பனி என்பது மார்கழி வைகறையில் புல்நுனியில் தங்கி, கதிரவன் எழுந்ததும் மறையும் நீர்த்துளியே. எனினும் இமயத்தின் உறைபனி அவ்வூர் மாணவர்க்குத் தொடர்பற்ற பொருளன்று. தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து சென்று அப்பனியின்மீது காவல் நிற்கும் வீரர் பலர். மலையேற்றம் பயிலச் செல்லும் இளைஞரும் உளர். ஆதலின் பனிமலையின் இயல்பை அறிதல் நமக்கும் வேண்டுவதே.

பனிச்சரிவு எவ்வாறு நிகழ்கிறது என்பதை வீட்டிலேயே கண்டறியலாம். ஒரு பலகையின்மீது கடுகைப் பரப்புக. அதன்மேல் நனைந்த சாக்கு ஒன்றை விரித்து, பலகையின் ஒரு முனையை மெல்ல உயர்த்துக. ஓரளவு உயரும்வரை சாக்கு அசையாது. பின்னர் விரலால் சற்றே தள்ளினும் அது முழுவதும் வழுக்கி விழும்.

மலையில் நிகழ்வதும் இதுவே. பனி, படலம் படலமாகப் படிகிறது. கடுங்குளிர்க் காலத்தில் அடிப்படலம் ஒன்று சீனி போன்ற உதிரிமணிகளாக மாறுவதுண்டு. அதன்மேல் புதுப்பனி மிகுதியாகப் பெய்தாலும், காற்று பனியை வாரிக் குவித்தாலும், மேற்படலம் கனத்து நிற்கும். 30 பாகை முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளே பெரும்பாலும் பெயர்கின்றன. மலையேற்றத்தின்போது பனிச்சரிவில் சிக்குவோருட் பெரும்பாலோர்க்குத் தம் காலடியோ, தம் குழுவினரின் காலடியோதான் அச்சரிவைத் தூண்டிவிடுகிறது.

வரும் தீங்கை மலை பலமுறை முன்னரே உணர்த்துகிறது. அருகிலுள்ள சரிவுகளில் பனி புதிதாகச் சரிந்திருத்தல், நடக்கும்போது காலடியில் பனி அமுங்கி ஒலித்தல், பனியின்மீது வெடிப்பு ஓடுதல், வெப்பம் திடீரென மிகுதல் ஆகியவை அதன் அறிகுறிகள். இவற்றைக் கண்டோர் திரும்பிவிடுதல் வேண்டும். ஐயத்திற்குரிய சரிவைக் கடந்தே தீரவேண்டுமெனின், ஒருவர் கடக்க, ஏனையோர் காப்பான இடத்தில் நின்று அவரையே நோக்கியிருப்பர்.

பெயர்ந்து நின்ற பனி சுண்ணாம்புக் காரைபோல் இறுகிவிடும். புதையுண்டவர் தம் கையையும் அசைத்தல் அரிது. அவர் மூச்சுக்குக் கிடைக்கும் காலம் பெரும்பாலும் கால் மணி நேரமே. வெளியிலிருந்து உதவி வருவதற்குள் அக்காலம் கழிந்துவிடும். ஆதலின் உடன் சென்றோரே அவரை மீட்க வேண்டும். அதன்பொருட்டு ஒவ்வொருவரும் இருக்குமிடம் காட்டும் வானொலிக் கருவியும், பனியைத் துழாவும் நீண்ட கோலும், மண்வெட்டியும் கொண்டு செல்வர்.

பனிச்சரிவை ஆராய்ந்து எச்சரிப்பதற்கென 1969ஆம் ஆண்டில் மணாலியில் ஆய்வு நிறுவனம் ஒன்று நம் நாட்டில் தோன்றியது. 2020ஆம் ஆண்டில் அது மற்றோர் ஆய்வகத்துடன் இணைந்து பாதுகாப்புப் புவித்தகவல் ஆய்வு நிறுவனமாக உருவெடுத்தது. எனினும் அறிவிப்பால் மட்டும் எல்லா உயிரையும் காத்துவிட இயலாது. 2016ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள், சியாச்சின் பனியாற்றுப் பகுதியில், 19,000 அடிக்கும் மேற்பட்ட உயரத்தில் இருந்த காவல்நிலையின்மீது மாபெரும் பனிச்சுவர் இடிந்து விழுந்தது. மதராஸ் படைப்பிரிவின் 19ஆம் அணியைச் சேர்ந்த பதின்மர் புதையுண்டனர். அவருள் நால்வர் தமிழ்நாட்டின் வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டத்தினர். மீட்போர் மோப்ப நாய்களுடன் இரவும் பகலும் பனியைப் பிளந்து தேடினர். பல அடி ஆழத்தில், நாள்கள் ஐந்து கழிந்தபின், கர்நாடகத்தைச் சேர்ந்த அனுமந்தப்பா என்னும் வீரர் உயிருடன் காணப்பட்டார். நாடே அவர் பிழைக்க வேண்டுமென்று ஏங்கியது. பிப்ரவரி 11ஆம் நாள் தில்லி மருத்துவமனையில் அவரும் உயிர்நீத்தார்.

அவ்வீரர்கள் அஞ்சித் திரும்பும் நிலையில் இருந்தவர் அல்லர். காவல் கடமை அவர்களை அங்கு நிறுத்தியது. மலையைக் காணச் செல்வோர்க்கோ எந்த நொடியிலும் திரும்பும் உரிமை உண்டு. செம்மண் நிலத்தில் கிணறு தோண்டுவோர், கரையில் வெடிப்புக் கண்டதும் மேலேறிவிடுவர். அவரைக் கோழை என்று எவரும் இகழார். பனிமலையிலும் அறிகுறி கண்டு திரும்புதல் அறிவுடைமையாகும். சிகரம் மறுமுறை வருவோர்க்காகவும் நிற்கும். போன உயிரோ மீளாது.