பள்ளி வகுப்பில் கல்லூரிப் பாடம்

‘விளையும் பயிர் முளையிலே தெரியும்’ என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. பயிர்கள் எல்லாம் ஒரே நாளில் முற்றுவதில்லை என்பதும் அவர்கள் அறிந்ததே. குறுவை ஒரு காலத்தில் முற்றும். சம்பா வேறொரு காலத்தில் முற்றும். பள்ளிக்கூடத்தில் மட்டும் நாம் வயதைக் கொண்டே படிப்பை அளக்கிறோம். பத்து வயதில் ஐந்தாம் வகுப்பு, பதினைந்தில் பத்தாம் வகுப்பு, பதினெட்டில் கல்லூரி என்று படிகளைக் கட்டி வைத்திருக்கிறோம். பதினாறு வயதுப் பெண்ணொருத்தி கல்லூரி முதலாண்டுக் கணிதத்தைப் பள்ளியிலேயே கற்றுத் தேர்ந்துவிட்டால் அவளிடம் என்ன சொல்வது? ‘வயது வரட்டும், காத்திரு’ என்பதா? ‘கற்றது கற்றதே’ என்று ஒப்புக்கொள்வதா?

அமெரிக்க நாட்டில் இந்தக் கேள்விக்கு விடை தேடினார்கள். பள்ளியில் படிக்கும்போதே கல்லூரிப் பாடத்தைக் கற்று, அதைக் கல்லூரிக் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளும் முறை அங்கே உருவாயிற்று. அதன் பிறப்பையும் நடைமுறையையும், நன்மை தீமைகளையும் இக்கட்டுரையில் காண்போம்.

மதிப்பலகு என்றால் என்ன?

அமெரிக்கக் கல்லூரிகளில் படிப்பை ‘கிரெடிட்’ என்னும் அலகால் அளக்கிறார்கள். நாம் இதை மதிப்பலகு என்போம். ஒரு பருவம் என்பது ஏறத்தாழ 15 வாரங்கள். அப்பருவம் முழுவதும் வாரம் ஒரு மணி நேரம் நடக்கும் வகுப்புக்கு ஒரு மதிப்பலகு. வாரம் மூன்று மணி நேரம் நடக்கும் பாடத்திற்கு மூன்று மதிப்பலகுகள். இளங்கலைப் பட்டம் பெறப் பொதுவாக 120 மதிப்பலகுகள் வேண்டும். பருவத்திற்கு 15 என்று எடுத்தால் எட்டுப் பருவங்கள், அதாவது நான்கு ஆண்டுகள் ஆகும்.

இப்போது ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு மாணவி பள்ளியை விட்டு வருவதற்கு முன்பே ஐந்து பாடங்களில், பாடத்திற்கு மூன்றாக 15 மதிப்பலகுகள் பெற்றுவிட்டாள். அவற்றைக் கல்லூரி முழுமையாக ஏற்றால் அவள் ஒரு பருவத்தை, அதாவது அரை ஆண்டை மிச்சப்படுத்துகிறாள். அந்த அரை ஆண்டின் கல்விக் கட்டணமும் விடுதிச் செலவும் அவள் பெற்றோருக்கு மிச்சம். கல்விக்காகக் கடன் வாங்குவது வழக்கமாகிவிட்ட நாட்டில் இது சிறிய உதவியன்று.

தொடங்கிய கதை

1950-களின் தொடக்கத்தில் ஃபோர்டு அறக்கட்டளையின் நிதியுதவியோடு இரண்டு முயற்சிகள் நடந்தன. ஆண்டோவர், எக்ஸிடர், லாரன்ஸ்வில் ஆகிய மூன்று பள்ளிகளும் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களும் சேர்ந்து ஓர் ஆய்வு நடத்தின. நல்ல பள்ளிகளிலிருந்து வரும் மாணவர்கள், பள்ளியில் படித்ததையே கல்லூரியின் முதலாண்டில் மீண்டும் படிக்கிறார்கள் என்று அந்த ஆய்வு கண்டது. படித்ததையே படித்தால் ஆர்வம் குன்றும், காலமும் வீணாகும். மற்றொரு முயற்சியில் கென்யன் கல்லூரியின் தலைவர் கார்டன் சால்மர்ஸ் வழிகாட்ட, 12 கல்லூரிகள் ஒன்றுகூடி, பள்ளியில் நடத்தத்தக்க கல்லூரிப் பாடங்களை வகுத்தன.

இவ்விரண்டிலிருந்தும் பிறந்ததே ‘அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்’ என்னும் திட்டம். தகுதியுள்ளவருக்கு மேல்படியில் இடம் தருதல் என்பது இப்பெயரின் பொருள். ‘காலேஜ் போர்டு’ என்னும் அமைப்பு 1955-இல் இதன் பொறுப்பை ஏற்று, 1956-இல் தேர்வுகளை நடத்தியது.

தோழியரே! இங்கே ஒன்றைக் கவனித்தீர்களா? அந்த மூன்று பள்ளிகளும் அக்காலத்தில் ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமே உரியவை. யேலும் பிரின்ஸ்டனும் இளங்கலை வகுப்புகளில் பெண்களைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியது 1969-இல்தான். வசதியுள்ள வீட்டு ஆண்பிள்ளைகளை மனத்தில் கொண்டு போட்ட பாதை அது. அப்பாதையில் மற்றவர்களும் எப்படி நடந்தார்கள் என்பதே இக்கதையின் சிறப்பு.

எலிசபெத் பிளாட்ஜெட் ஹால் என்னும் பெண்மணி ‘கான்கார்டு அகாதமி’ என்ற பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியையாக இருந்தவர். பள்ளியின் கடைசி இரண்டாண்டுகளும் கல்லூரியின் முதல் இரண்டாண்டுகளும் ஒன்றாகவே இருக்கத்தக்கவை என்று அவர் கருதினார். 1964-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ‘சைமன்ஸ் ராக்’ என்னும் நிறுவனத்தை ஏற்படுத்தினார். 1966-இல் அங்கு முதலில் சேர்ந்தவர்கள் எல்லாரும் பெண்கள். பதினாறு வயதுப் பெண் கல்லூரிப் படிப்புக்குத் தகுதியானவள் என்று ஒரு பெண்மணி நம்பியதன் பயன் அது.

இரண்டு வழிகள்

இன்று அமெரிக்க மாணவர்களுக்கு முக்கியமாக இரண்டு வழிகள் உள்ளன.

முதலாவது, தேர்வு வழி. மாணவி தன் பள்ளியிலேயே, தன் ஆசிரியரிடமே கல்லூரித் தரமுள்ள பாடத்தைப் படிக்கிறாள். மே மாதத்தில் நாடு முழுவதற்கும் பொதுவான தேர்வை எழுதுகிறாள். ஏறத்தாழ 40 பாடங்களில் இத்தேர்வுகள் உண்டு. மதிப்பெண் 1 முதல் 5 வரை. 3 பெற்றால் தகுதி பெற்றவள். 5 பெற்றால் மிகச் சிறந்தவள். 2025-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு தேர்வுக்குக் கட்டணம் 99 டாலர். ஏழை மாணவர்களுக்குச் சலுகை உண்டு.

இரண்டாவது, இரட்டைச் சேர்க்கை. இதில் மாணவி ஒரே சமயத்தில் பள்ளியிலும் கல்லூரியிலும் பெயர் பதிந்தவள் ஆகிறாள். சிலர் அருகிலுள்ள கல்லூரிக்கே சென்று மூத்தவர்களோடு அமர்ந்து படிப்பார்கள். வேறு சில இடங்களில் கல்லூரியின் அனுமதி பெற்ற பள்ளி ஆசிரியரே அக்கல்லூரியின் பாடத்திட்டத்தைப் பள்ளி வகுப்பறையில் நடத்துவார். ஆயர் டுபோர்க் 1818-இல் தொடங்கிய கல்விச்சாலையிலிருந்து வளர்ந்தது செயிண்ட் லூயிஸ் பல்கலைக்கழகம். அது 1959 முதல் இத்தகைய திட்டத்தை நடத்தி வருவதும், தான் பிறந்த ஆண்டையே அதற்குப் பெயராக வைத்திருப்பதும் குறிப்பிடத்தக்கவை. 1985-இல் மின்னசோட்டா மாநிலம் ஒரு சட்டம் இயற்றி, பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் அரசின் செலவிலேயே கல்லூரியில் பாடம் படிக்க வழி செய்தது. பின்னர் மற்ற மாநிலங்களும் அவ்வழியே சென்றன.

முதல் வழியில் ஒரே நாள் தேர்வு எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. இரண்டாம் வழியில் பருவம் முழுவதும் செய்த வேலைக்கு மதிப்பு உண்டு. இரண்டிலும் உழைப்பு இல்லாமல் பலன் இல்லை.

கார்ஃபீல்டு பள்ளியின் கதை

கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் கார்ஃபீல்டு என்ற அரசுப் பள்ளி உள்ளது. மெக்சிக்கோவிலிருந்து வந்து குடியேறிய உழைப்பாளிக் குடும்பங்களின் பிள்ளைகளே அங்கு மிகுதி. ஹைமே எஸ்கலான்டே என்பவர் 1974-இல் அங்கே கணித ஆசிரியராகச் சேர்ந்தார். அவர் பொலிவியா நாட்டவர். தம் நாட்டில் ஆசிரியராக இருந்தவர். அமெரிக்காவுக்கு வந்தபோது அவருடைய கல்வித் தகுதியை அங்கே ஏற்கவில்லை. உணவகத்தில் தரை துடைத்தார், ஆங்கிலம் கற்றார், மீண்டும் முதலிலிருந்து படித்து ஆசிரியரானார். கற்றதைப் பிறர் மதிக்காவிட்டால் எப்படியிருக்கும் என்பதைத் தம் வாழ்விலேயே அறிந்தவர் அவர்.

இப்பிள்ளைகளுக்குக் கூட்டல் கழித்தலே போதும் என்று பலர் எண்ணியிருந்த பள்ளியில் அவர் நுண்கணிதம் நடத்தினார். வேண்டியது ‘கானாஸ்’ ஒன்றுதான் என்பார். ஸ்பானிய மொழியில் அதற்கு ஆர்வம், வேட்கை என்று பொருள். 1982-இல் அவருடைய மாணவ மாணவியர் 18 பேர் நுண்கணிதத் தேர்வில் தேர்ச்சி பெற்றனர். ஆனால் மகிழ்ச்சி நீடிக்கவில்லை. சிலருடைய விடைகளில் ஒரே மாதிரியான பிழைகள் இருந்தன என்று கூறி, தேர்வு நிறுவனம் 14 பேர் மீது ஐயம் கொண்டது. வசதியான பள்ளியாக இருந்தால் இப்படி ஐயுற்றிருப்பார்களா என்று பலர் மனம் கொதித்தார்கள். அப்பிள்ளைகளில் 12 பேர் அதே ஆண்டு ஆகஸ்டில் மீண்டும் தேர்வெழுத முன்வந்தனர். பன்னிருவரும் தேர்ச்சி பெற்றனர்! தமக்குக் கணிதம் தெரியும் என்பதை எழுதுகோலாலேயே நிலைநாட்டினர். 1987-இல் அப்பள்ளியிலிருந்து நுண்கணிதத்தின் முதல் நிலைத் தேர்வில் 73 பேரும், உயர் நிலைத் தேர்வில் 12 பேரும் தேறினர்.

இது ஒரே ஆண்டில் நடந்த அற்புதம் அன்று. கீழ் வகுப்புகளிலேயே இயற்கணிதத்தை உறுதியாகக் கற்பித்தார்கள். கோடை விடுமுறையில் கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் கல்லூரியில் வகுப்புகள் நடத்தினார்கள். அடித்தளம் போட்ட பின்னரே மாடி எழுந்தது.

குறைகளும் உண்டு

நாணயத்திற்கு இரு பக்கங்கள் இருப்பதுபோல் இம்முறைக்கும் மறுபக்கம் உண்டு. பள்ளியில் பெற்ற மதிப்பலகை எல்லாக் கல்லூரிகளும் ஏற்பதில்லை. ஒரு கல்லூரி 3 போதும் என்னும்; இன்னொன்று 5 கேட்கும். டார்ட்மத் கல்லூரி 2014-இல் சேர்ந்த மாணவர்கள் முதல் இம்மதிப்பலகைப் பட்டத்திற்குக் கணக்கிடுவதை நிறுத்திவிட்டது. இரட்டைச் சேர்க்கையில் பெறும் மதிப்பெண் கல்லூரிப் பதிவேட்டில் நிலையாக நின்றுவிடும். பதினாறு வயதில் சறுக்கினால் அந்தத் தழும்பு இருபது வயதிலும் தெரியும். எல்லாப் பள்ளிகளிலும் எல்லாப் பாடங்களும் கிடைப்பதில்லை என்பதால் ஏழைப் பகுதிகளில் வாய்ப்பும் குறைவு. இவை எல்லாவற்றிலும் பெரிய குறை வேறொன்று: மதிப்பலகைச் சேர்ப்பதே குறிக்கோளாகி, பாடத்தை மறந்துவிடுவது. ‘அகல உழுவதிலும் ஆழ உழுவது மேல்’ என்ற பழமொழி இங்கே நினைக்கத்தக்கது.

நமக்கு என்ன?

நம் நாட்டிலும் இவ்வெண்ணம் முளைவிட்டிருக்கிறது. கல்லூரி மாணவர் பெறும் மதிப்பலகுகளைச் சேமித்து வைக்க, பல்கலைக்கழக மானியக் குழு 2021-இல் கல்வி மதிப்பலகு வங்கிக்கு விதிகள் வகுத்தது. 2023-இல் வெளியான தேசிய மதிப்பலகுக் கட்டமைப்பு பள்ளிப் படிப்பையும் இதே அலகால் அளக்கிறது. அதன்படி 30 மணி நேரக் கற்றலுக்கு ஒரு மதிப்பலகு, ஓராண்டுக்கு 40.

அமெரிக்க முறையை அப்படியே இங்கே கொண்டுவர வேண்டும் என்று நான் வாதாட வரவில்லை. அதன் உள்ளிருக்கும் கருத்தையே போற்றுகிறேன். ‘இன்னும் எத்தனை வருஷம் படிக்கணும்?’ என்ற கேள்வி நம் வீடுகளில் பெரும்பாலும் பெண்பிள்ளைகளை நோக்கித்தானே எழுகிறது? தம்பிக்குக் கிடைக்கும் கால அவகாசம் அக்காவுக்குக் கிடைப்பதில்லை. கல்யாணம், வீட்டுச் செலவு, தங்கைகளின் படிப்பு என்று எத்தனையோ தடைகள். பாதியில் படிப்பு நின்றால் படித்த பாதியும் கணக்கில் வராமல் போகிறது. படித்த ஒவ்வொரு பாடத்தையும் வரவு வைத்துக்கொள்ளும் முறை இருந்தால், நின்ற இடத்திலிருந்து அவள் மீண்டும் தொடங்கலாம். அரை ஆண்டு மிச்சமானாலும், அந்த அரை ஆண்டே ஒருத்திக்குப் பட்டம் கிடைப்பதற்கும் கிடைக்காமல் போவதற்கும் உள்ள தூரமாக இருக்கலாம்.

பெற்றோர்களே! உங்கள் மகள் தன் வகுப்புக்கு மேலான புத்தகத்தை எடுத்தால், ‘இது உன் வயதுக்கு அல்ல’ என்று வாங்கி வைத்துவிடாதீர்கள். தோழியரே! நமக்கு அத்தகைய தேர்வு இல்லை என்பதற்காக அத்தகைய படிப்பையும் விட்டுவிட வேண்டியதில்லை. நூலகத்தின் மேல் தட்டில் இருக்கும் நூல்களும் நமக்காகவே வாங்கப்பட்டவை. மதிப்பலகைத் தருவது பிறர் கையில். கற்பது நம் கையில். கற்போம், ஆழமாகக் கற்போம்!