ஏறுகிறவருக்கு வழி விடுங்கள்

நன்றாக வாழ்வதற்கென்று எனக்கு நானே சில விதிகளை வைத்திருக்கிறேன். எல்லாம் ஏற்காட்டில் இருந்தபடியே கற்றுக்கொண்டவை. அடுத்தவருக்கும் அடுத்த ஆண்டுக்கும் கொஞ்சம் இடம் விட வேண்டும் என்பதுதான் அவற்றின் சாரம்.

செய்ய வேண்டியவை

ஏறும் வண்டிக்கு வழி விட வேண்டும். சேலத்திலிருந்து மேலே வர 20 கொண்டை ஊசி வளைவுகள். பாரம் ஏற்றிய லாரி ஒரு வளைவில் நின்றுவிட்டால் அதை மறுபடி நகர்த்துவது பெரும்பாடு. இறங்குகிறவர் ஓரம்கட்டினால் போதும். மலைச்சாலை விதியும் இதைத்தான் சொல்கிறது. புதிதாகக் கடை போட்டவரிடமும் முதல் வேலையில் சேர்ந்த பிள்ளையிடமும் நான் இப்படித்தான் நடந்துகொள்கிறேன். அவர்கள் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். பேரத்தையும் அதட்டலையும் நாம்தான் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

பழுத்ததை மட்டும் பறிக்க வேண்டும். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் கொண்டுவந்த காப்பிதான் இன்றும் இந்த மலையின் சோறு. மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை பெய்தால் பத்து நாளில் தோட்டமே வெள்ளையாகப் பூத்து வாசம் தூக்கும். அந்தப் பூ பழமாக எட்டு, ஒன்பது மாதம் ஆகும். அப்போதும் ஒரே கொத்தில் சிவப்பு, மஞ்சள், பச்சை மூன்றும் இருக்கும். கொத்தோடு உருவினால் கூடை சீக்கிரம் நிறையும்தான். ஆனால் பச்சைக்காய் கலந்த காப்பி துவர்க்கும். காம்போடு பிய்த்த கணுவில் அடுத்த ஆண்டு பூ குறையும். கை தேர்ந்த பெண்கள் ஒற்றைப் பழத்தை விரல் நுனியால் திருகி எடுப்பார்கள், காம்பு கிளையிலேயே நிற்கும். பச்சையை விட்டுவிட்டு அதே செடிக்குச் சில வாரம் கழித்துத் திரும்ப வருவார்கள். பறித்ததைத் தண்ணீரில் கொட்டிப் பார்த்தால் சொத்தை மேலே மிதக்கும். பிள்ளைகளின் படிப்பு, கல்யாணம் என்று வீட்டில் அவசரம் கிளம்பும்போதெல்லாம் ‘இது அடுத்த சுற்றுக்கு’ என்று சொல்லப் பழகியிருக்கிறேன். அதனால் கெட்டுப்போன காரியம் எதுவும் இல்லை.

குனிந்து பார்த்து நடக்க வேண்டும். இங்குள்ள ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் நினைவிடம் இருக்கிறது. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில், சரளை தோண்டிய குழியில் கிடந்த ஒரு கல்லைக் கையில் எடுத்தவர் அவர். அது கற்கோடரி என்று கண்டுகொண்டதிலிருந்துதான் இந்தியாவில் பழைய கற்கால ஆய்வு தொடங்கியது. அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல் 1882இல் ஏற்காட்டிலேயே காலமானார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு பைபிளைத் தமிழாக்கியவர். 6,000க்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி 1874இல் புத்தகமாக வெளியிட்டவர். எல்லாம் ஜனங்கள் வாயில் புழங்கிக்கொண்டிருந்தவைதான், பெர்சிவல் கேட்டு எழுதிவைத்தார். வீட்டில் பெரியவர்கள் ஏதாவது சொன்னால் அன்றைக்கே ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். நாளைக்கு என்று விட்டால் அது போயே போய்விடும்.

மலைக்கிராமத்துக்குப் போனால் பெரியவர் ஒருவரிடம் சொல்லிவிட்டு ஊருக்குள் நுழைய வேண்டும். சாமைச்சோறு போட்டால் உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

செய்யக்கூடாதவை

காட்டெருமை சாலையில் நின்றால் ஹார்ன் அடிக்கக்கூடாது. படம் எடுக்க இறங்கவும் கூடாது. வண்டியைத் தூரத்திலேயே நிறுத்தி, விளக்கைத் தாழ்த்திக்கொண்டு, அது போகும்வரை பொறுத்திருங்கள். கோபத்தோடு எதிரே நிற்கும் மனிதருக்கும் இதே மரியாதை உண்டு.

மரத்தில் பூத்த ஆர்க்கிட்டைப் பிடுங்கக்கூடாது. வீட்டுக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் அது பிழைக்காது. அதன் விதை தூசு போன்றது, உள்ளே சேமித்த உணவு கிடையாது. சரியான பூஞ்சை வந்து சேர்ந்தால்தான் முளைக்கும்; முளைத்தாலும் பூக்கப் பல ஆண்டுகள் ஆகும். ஒட்டியிருக்கும் மரத்தின் சாற்றையும் அது உறிஞ்சுவதில்லை. வெளியே தொங்கும் வேர் மழையையும் பனியையும் பிடித்துக் குடிக்கிறது. இவ்வளவு கஷ்டப்பட்டு, யாருக்கும் பாரமில்லாமல் வளர்ந்த உயிரை அரை நிமிட ஆசைக்காகப் பறிப்பது எனக்குப் பாவமாகவே படுகிறது. பார்க்க ஆசையாக இருந்தால் இங்கேயே தாவரவியல் ஆய்வுத் துறையின் தேசிய ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது.

பிளாஸ்டிக் பையை மலைக்கு எடுத்துவரக்கூடாது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு முழுக்கத் தடை. துணிப்பை போதும்.

கோடை விழாக் கூட்டத்தைப் பார்த்து எரிச்சல்படக்கூடாது. உள்ளூர்க்காரர்களான எங்களுக்கு இதுதான் கஷ்டமான விதி. மே மாதம் ஏரிக்கரையில் நடக்க இடமிருக்காது. ஆனால் கொய்யாவும் மிளகும் கூறு கட்டி விற்கும் அம்மாவுக்கு அந்தச் சில வாரங்களில்தான் கையில் நாலு காசு சேர்கிறது. வெளியூர்க்காரர் வழி கேட்டால் நின்று பதில் சொல்ல வேண்டும். என் காய்கறியை வாங்க நான் காலையில் கடை திறந்த உடனேயே போய்விடுவேன்.