எதைப் பச்சையாகச் சாப்பிடலாம்?

கம்போங் குவாந்தானுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இரவில்தான் வருகிறார்கள். படகில் ஏறி, சிலாங்கூர் ஆற்றங்கரை மரங்களில் மின்மினிகள் ஒன்றுபோல விட்டுவிட்டு ஒளிர்வதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். மின்மினிகள் அமர்ந்திருக்கும் அந்த மரத்தைப் பகலில் நின்று கவனிப்பவர்கள் குறைவு. மலாய்க்காரர்கள் அதைப் பெரெம்பாங் என்பார்கள். சேற்றில் வேரூன்றி நிற்கும் அலையாத்தி வகை மரம். அதன் காய் தட்டையாக, பச்சையாக, அடியில் நட்சத்திரம் ஒட்டியதுபோல் இருக்கும். கடித்தால் பல் கூசும் புளிப்பு. ஆற்றோரக் கிராமங்களில் அதைச் சமைக்காமலே சம்பாலில் தொட்டு ஊலாமாகச் சாப்பிடுவது உண்டு. இலங்கையில் இதே மரத்துக்குக் கிரலா என்று பெயர். அங்கே பழத்தைப் பிசைந்து தேங்காய்ப் பாலும் வெல்லமும் சேர்த்துப் பானமாகக் குடிக்கிறார்கள்.

அதே வட்டாரத்தில் ஏதாவது ஒரு வீட்டு வேலியைப் பாருங்கள். மரவள்ளி நிற்கும். அதன் கிழங்கை யாரும் பிடுங்கிய கையோடு கடித்துத் தின்பதில்லை, தின்னவும் கூடாது. பெரெம்பாங்கும் இயற்கை தந்ததுதான், மரவள்ளியும் இயற்கை தந்ததுதான். ஒன்றை அப்படியே தின்னலாம், மற்றதை வேகவைத்தே ஆக வேண்டும். ஏன்?

"சமைக்காத உணவே உடலுக்கு நல்லது" என்ற பேச்சு இப்போது கைப்பேசிக் காணொளிகளில் நிறைய அடிபடுகிறது. அதில் பாதி உண்மை இருக்கிறது. மறுபாதி ஆளை மருத்துவமனைக்கு அனுப்பக்கூடியது. இந்த வாரம் இரண்டையும் பார்ப்போம்.

வெப்பத்துக்கு அஞ்சும் சத்து

முதலில் உண்மையான பாதி. உயிர்ச்சத்து சி வெப்பம் பட்டால் சிதையும், தண்ணீரில் எளிதில் கரையும், நறுக்கிக் காற்றில் வைத்தாலும் மெல்லக் குறையும். கீரையை நறுக்கி, கழுவி, கொதிக்கவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டினால் மூன்று வகையிலும் நட்டம்.

இந்தச் சத்து இல்லாவிட்டால் ஸ்கர்வி என்ற நோய் வரும். ஈறு வீங்கி இரத்தம் கசியும், ஆறிய காயம்கூடத் திறந்துகொள்ளும். முதல் உலகப் போரின்போது மெசபடேமியாவில், அதாவது இன்றைய ஈராக்கில், போரிட்ட இந்தியச் சிப்பாய்களில் ஆயிரக்கணக்கானோர் இந்நோயால் வாடினார்கள். அவர்கள் கையில் உலர்ந்த பருப்பும் பயறும் இருந்தன. புதிய காய்கறிதான் இல்லை. அப்போது லண்டனில், லிஸ்டர் ஆய்வு நிலையத்தில் ஹாரியட் சிக், மார்கரெட் ஹியூம் என்ற இரண்டு பெண் அறிவியலாளர்கள் கினிப்பன்றிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். உலர்ந்த பயறு ஸ்கர்வியைத் தடுக்கவில்லை. அதே பயற்றை ஊறவைத்து முளைவிடச் செய்து கொடுத்தபோது தடுத்தது!

உயிர்ச்சத்து சி என்ற பொருள் எதுவென்று அன்று யாருக்கும் தெரியாது; அது அடையாளம் காணப்பட்டது 1932-இல்தான். விதை முளைக்கும்போது செடி தனக்குத் தேவையான இந்தச் சத்தைப் புதிதாக உருவாக்கிக்கொள்கிறது. உலர்ந்த பயற்றில் ஏறக்குறைய இல்லாதது, இரண்டு நாளில் முளையில் வந்துவிடுகிறது. மூட்டையில் கிடந்த தானியத்திலேயே மருந்தும் ஒளிந்திருந்தது. தண்ணீர்தான் தேவைப்பட்டது.

முளைக்கும்போது இன்னொரு நன்மையும் நடக்கிறது. விதையில் ஃபைட்டிக் அமிலம் என்ற பொருள் இரும்புச்சத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஊறி முளைக்கும்போது நொதிகள் அந்த அமிலத்தைச் சிறிது சிறிதாக உடைக்கின்றன. அதோடு எலுமிச்சையும் சேர்ந்தால், அதிலுள்ள உயிர்ச்சத்து சி நம் குடல் இரும்பை உறிஞ்ச உதவுகிறது. நம் பாட்டிகள் கோசுமல்லியில் எலுமிச்சை பிழிந்தது ருசிக்காகத்தான் இருக்கும். ஆனால் வேதியியலும் அவர்கள் பக்கம். சோகை உள்ள மாணவிகள் இதைக் கவனிக்கலாம். சாப்பிட்ட கையோடு தே ஓ குடிக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறதே, அது இந்த உதவியைக் கெடுக்கும். தேநீரிலுள்ள டானின் இரும்பைக் கட்டிப்போடும். ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

முளைப்பயறு கோசுமல்லி, நான்கு பேருக்கு: ஒரு கோப்பை பச்சைப்பயற்றில் சொத்தை, கல் நீக்கி, நன்கு கழுவி, கொதித்து ஆறிய தண்ணீரில் இரவு முழுதும் ஊறவையுங்கள். காலையில் வடித்து, சுத்தமான ஈரத் துணியில் கட்டி வையுங்கள். நம் ஊர் வெக்கைக்கு ஒரு நாள் போதும், முளை எட்டிப் பார்க்கும். இடையில் இரண்டு மூன்று முறை அலசுங்கள். பிறகு பொடியாக நறுக்கிய வெள்ளரி, துருவிய கேரட், இரண்டு கைப்பிடி தேங்காய்த் துருவல், ஒரு பச்சை மிளகாய், கொத்தமல்லி, உப்பு. எலுமிச்சையை உண்ணும் நேரத்தில் பிழியுங்கள். தேங்காயை ஒதுக்காதீர்கள். கேரட்டின் ஆரஞ்சு நிறத்துக்குக் காரணமான பீட்டா கரோட்டின் கொழுப்பில்தான் கரையும். தேங்காயின் கொழுப்பு இல்லாவிட்டால் அதில் பெரும்பகுதி உடலில் சேராமல் வெளியேறிவிடும்.

ஓர் எச்சரிக்கை. முளைக்குப் பிடித்த ஈரமும் வெதுவெதுப்பும் பாக்டீரியாவுக்கும் பிடிக்கும். 2011-இல் ஜெர்மனியில் ஈ.கோலி கிருமியால் ஏறத்தாழ 4,000 பேர் நோயுற்று, 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முதலில் வெள்ளரிக்காய்மீது பழி விழுந்தது. தேடிப் போனபோது கிடைத்தது முளைகட்டிய வெந்தயம். விதை எகிப்திலிருந்து வந்தது. ஆகவே முளையைக் கட்டிய நாளிலேயே சாப்பிடுங்கள், மிஞ்சினால் குளிர்பெட்டியில் வையுங்கள், நாற்றமோ வழவழப்போ இருந்தால் கொட்டுங்கள். சின்னக் குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்களுக்கு ஆவியில் வேகவைத்தே கொடுங்கள். கொஞ்சம் உயிர்ச்சத்து போகும், போகட்டும்.

மரவள்ளியின் பூட்டும் சாவியும்

இப்போது மறுபாதி. செடி ஓட முடியாது. தன்னைத் தின்ன வரும் பூச்சியையும் விலங்கையும் அது வேதிப்பொருளால்தான் விரட்ட வேண்டும். மரவள்ளி செய்திருக்கும் ஏற்பாடு வியப்பானது. லினமரின் என்ற பொருளை அது உயிரணுவுக்குள் ஓர் அறையில் வைத்திருக்கிறது. லினமரினை உடைக்கும் நொதியை உயிரணுச் சுவரில் வைத்திருக்கிறது. தனித்தனியே இருக்கும்வரை ஒன்றும் நடக்காது. யாராவது கடித்தால், உயிரணு நசுங்கி இரண்டும் கலக்கும்; ஹைட்ரஜன் சயனைடு வெளிப்படும். சயனைடு நம் உயிரணுக்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்துவதைத் தடுத்துவிடும். மூச்சு வந்துகொண்டிருக்கும், இரத்தத்தில் ஆக்சிஜனும் இருக்கும், ஆனால் உயிரணு அதை எடுத்துக்கொள்ள முடியாது.

எல்லா மரவள்ளியும் ஒரே அளவு நஞ்சு கொண்டதல்ல. நாம் வீட்டில் வளர்ப்பது பெரும்பாலும் நஞ்சு குறைந்த இனிப்பு வகை. கசப்பு வகையில் மிக அதிகம். தோலிலும் இலையிலும் கிழங்கின் சதையைவிடக் கூடுதல்.

ஜப்பானியர் காலத்தில், 1942 முதல் 1945 வரை, அரிசி கிடைக்காமல் தோட்ட மக்கள் மரவள்ளியைத் தின்றுதான் உயிர் பிழைத்தார்கள். புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா பக்கம் தோட்டத்தில் வளர்ந்த வயதானவர்களுக்கு அவர்களின் பெற்றோர் அந்தக் கதையைச் சொல்லியிருப்பார்கள். கேட்டுப் பாருங்கள், சமைத்த முறையையும் சேர்த்துக் கேளுங்கள். தோலைத் தடிப்பாகச் சீவுவது, துண்டு போடுவது, நிறைய தண்ணீரில் மூடாமல் வேகவைப்பது, அந்தத் தண்ணீரைக் கொட்டுவது. ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. தோலில்தான் நஞ்சு அதிகம். துண்டு போட்டால் லினமரின் தண்ணீரில் கரைந்து வெளியேறும். ஹைட்ரஜன் சயனைடு 26 பாகை செல்சியசிலேயே கொதிக்கும் பொருள், ஆகவே மூடாத பானையிலிருந்து ஆவியாகிப் போய்விடும். கரைந்தது தண்ணீரோடு போகட்டும் என்றுதான் கொட்டுவது.

ஆப்பிரிக்காவில் பஞ்ச காலத்தில் கசப்பு மரவள்ளியைப் பக்குவம் செய்யப் பொறுமையின்றித் தின்ற ஊர்களில் கொன்சோ என்ற நோய் வந்தது. கால்கள் திடீரென்று விறைத்து நிரந்தரமாக முடங்கிவிடும். 1981-இல் மொசாம்பிக்கின் வடபகுதியில் வறட்சியை அடுத்து இது கொள்ளைநோய்போல் பரவியது. பாதிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கொன்சோ என்றால் காங்கோவின் யாக்கா மொழியில் 'கட்டிய கால்' என்று பொருள்.

சிறுநீரகத்தைப் பார்க்கும் காய்கள்

பெத்தாய் பச்சையாகச் சாப்பிடலாம்; நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டால் சரி. சந்தையில் அதன் பக்கத்திலேயே கிடக்கும் ஜெரிங் அப்படியல்ல. அதிலுள்ள ஜெங்கோலிக் அமிலம் கந்தகம் கொண்ட ஓர் அமினோ அமிலம். அது தண்ணீரில் சரியாகக் கரையாது. சிறுநீரில் ஊசிபோன்ற படிகங்களாகி, பாதையைக் குத்தி அடைக்கும். இடுப்பு வலி, சிறுநீரில் இரத்தம், சில வேளை சிறுநீரகமே நின்றுவிடும். 1930களில் ஜாவாவில், ஜெரிங் தின்று நோயுற்றவர்களின் சிறுநீரிலிருந்துதான் அந்த அமிலத்தை முதலில் பிரித்தெடுத்தார்கள். தின்ற எல்லாருக்கும் இது வருவதில்லை. அதனால்தான் "எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று சொல்ல ஆள் எப்போதும் இருப்பார்கள். அந்தச் சாட்சியை நம்பிப் போட்டிக்குத் தின்ன வேண்டாம்.

கோலசிலாங்கூரில் மின்மினி பார்க்க இன்னோர் இடம் கம்போங் புக்கிட் பெலிம்பிங். பெலிம்பிங் என்றால் நட்சத்திரப் பழம். நல்ல சிறுநீரகம் உள்ளவர் ஒரு பழம் சாப்பிட்டால் கேடில்லை. சிறுநீரகம் பழுதானவருக்கோ அது நஞ்சு. அதிலுள்ள காரம்பாக்சின் என்ற பொருளைச் சிறுநீரகம் வெளியேற்ற முடியாமல் போனால் அது மூளையைத் தாக்கும்: நிற்காத விக்கல், குழப்பம், வலிப்பு. இந்தப் பொருளைப் பிரேசில் அறிவியலாளர்கள் 2013-இல் அடையாளம் காட்டினார்கள். நீரிழிவு நம்மிடையே அதிகம், அதனால் டயாலிசிஸ் செய்யும் தாத்தா பாட்டிகளும் அதிகம். அவர்களைப் பார்க்கப் போகும்போது பழக்கூடையில் இதை வைக்காதீர்கள்.

வல்லாரை எங்கே பறித்தது?

வல்லாரையை மலாய்க்காரர்கள் பெகாகா என்று ஊலாமாகத் தின்கிறார்கள். யாழ்ப்பாண வழிவந்த வீடுகளில் அது சம்பல். இலையைப் பொடியாக நறுக்கி, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்த் துருவல், உப்பு சேர்த்துக் கையால் பிசைந்து, எலுமிச்சை பிழிந்தால் முடிந்தது. நறுக்கியதும் சாப்பிட வேண்டும். பள்ளிக்குக் கட்டிக்கொண்டு போகிற பண்டமல்ல.

செடி நல்லதுதான், சிக்கல் அது வளரும் இடத்தில். வல்லாரைக்கு ஈரம் பிடிக்கும். செம்பனைத் தோட்டங்களின் வாய்க்கால் ஓரத்தில் அது பாய் விரித்ததுபோல் படர்ந்திருக்கும். அந்த வாய்க்காலுக்குத்தான் களைக்கொல்லி கலந்த மழைநீரும் வடிந்து வருகிறது. மருந்தடிக்கும் வேலையைத் தோட்டத்துப் பெண்கள் பல்லாண்டு செய்தார்கள். தோலும் நகமும் கெட்டு அதன் விலையைக் கொடுத்தார்கள். அதில் கொடியதான பாராகுவாட் மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டது. மற்ற களைக்கொல்லிகள் புழக்கத்தில் உள்ளன. கிளைபோசேட் போன்றவை இலைக்குள்ளேயே ஊடுருவிச் செல்பவை. எவ்வளவு கழுவினாலும் உள்ளே போனது வெளியே வராது. தவிர, மண்ணிலுள்ள ஈயம் போன்ற உலோகங்களையும் வல்லாரை வேர் வழியே இழுத்துக்கொள்ளும்.

ஆகவே வாய்க்கால் வல்லாரை வேண்டாம். பழைய வாளியில் மண் போட்டு, ஒரு கொடித்துண்டை நட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். சில வாரங்களில் சம்பலுக்குத் தேறும். நத்தை வரும், பார்த்துக்கொள்ளுங்கள். எலி நுரையீரல் புழு என்ற ஒட்டுண்ணி நத்தையிலும் ஓடில்லா நத்தையிலும் தங்கி, பச்சை இலையோடு மனிதருக்குள் போனால் மூளையுறை அழற்சியை உண்டாக்கும். இலை இலையாக, ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். (மின்மினிப் புழுக்கள் ஆற்றங்கரையில் தின்று வளர்வது சின்ன நத்தைகளைத்தான். உங்கள் வாளிக்கு அவை வரப்போவதில்லை, அந்த வேலை உங்களுடையது.)

செய்து பாருங்கள்

பள்ளி ஆய்வுக்கூடத்தில் டிசிபிஐபி என்ற நீலக் கரைசல் இருக்கும். உயிர்ச்சத்து சி பட்டால் அதன் நீலம் மறையும். ஆசிரியரின் அனுமதியோடு, பச்சைப்பயற்றை மூன்று பங்காக எடுங்கள்: ஓர் இரவு மட்டும் ஊறியது, இரண்டு நாள் முளைத்தது, முளைத்தபின் பத்து நிமிடம் வேகவைத்தது. எடையில் அளக்காதீர்கள், முளைத்த பயறு தண்ணீர் குடித்துக் கனத்திருக்கும். பங்குக்கு 100 பயறு என்று எண்ணி எடுத்தால்தான் ஒப்பிட முடியும். ஒவ்வொன்றையும் ஒரே அளவு தண்ணீரில் அரைத்து, உடனே வடிகட்டுங்கள். சோதனைக் குழாயில் 1 மில்லிலிட்டர் டிசிபிஐபி எடுத்து, சாற்றைத் துளித்துளியாக விட்டு, நீலம் மறைய எத்தனை துளி ஆனது என்று குறியுங்கள். துளி குறைந்தால் சத்து அதிகம். வேறு சில பொருள்களும் நீலத்தைச் சற்று மங்கச் செய்யும், அதனால்தான் ஊறிய பயறும் ஒப்பீட்டுக்கு வேண்டும்.

மூன்றாவது பங்கை வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். ஆறவைத்து அதையும் சோதித்துப் பாருங்கள்.