குறித்த நாளைத் தவறவிடலாகாது

நமது சிற்றூர்களில் இன்று ஏர்மாடு செய்துவந்த வேலையை டிராக்டர் ஏற்றுக்கொண்டுள்ளது. அதனைச் சாலையில் ஓட்ட உரிமம் இன்றியமையாதது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி முதற்படி, பழகுநர் உரிமத் தேர்வாகும். சாலைக் குறியீடுகள், விபத்து நேர்ந்தால் ஓட்டுநருக்குரிய கடமை, வண்டியில் வைத்திருக்க வேண்டிய ஆவணங்கள் ஆகியன பற்றி இதில் வினவுவர்.

இதற்கு நாள் குறித்துக்கொண்டு, சொல்லாமல் இருந்துவிடுவோர் உண்டு. ‘ஒரு நாள்தானே’ என்பது அவர்தம் எண்ணம். நாம் கணக்கிட்டுப் பார்ப்போம். பழகுநர் உரிமம் பெற்று 30 நாள் கழிந்த பின்னரே ஓட்டிக் காட்டும் தேர்வுக்குச் செல்ல இயலும். ஆனி முதல் நாளில் தேறியவர் ஆடிப் பிறப்பையொட்டி அதற்குத் தகுதி பெறுவார். அதனைத் தவறவிட்டு ஆனி 20இல் தேறுபவருக்கோ ஆடிப்பெருக்கு வந்துவிடும். விதைப்புப் பட்டம் எவருக்கும் காத்திராது. அவசரத்தில் உரிமமின்றி ஓட்டினால், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 5,000 ரூபாய் அபராதமோ, 3 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

இழப்பு அவரோடு நிற்பதில்லை. முன்கூட்டியே ரத்துச் செய்திருப்பின், அவ்விடம் அடுத்த ஊர் உழவர் ஒருவருக்குப் பயன்பட்டிருக்கும்.

ஆகவே, அறுவடையும் திருவிழாவும் பார்த்து நாள் குறிப்பீர்களாக. இடையூறு நேர்ந்தால், இணையத்திலோ இ-சேவை மையத்தின் உதவியாலோ உடனே ரத்துச் செய்து வேறு நாள் பெறுக. ஊராட்சி உறுப்பினர்கள் தம் வார்டில் நாள் குறித்தோரைக் கேட்டறிந்து, முதல் நாளே நினைவூட்டுதல் நலம். செலவில்லாத இத்தொண்டினை இம்மாதமே தொடங்குவோமாக.