முதல் ஹாப் கொடியை நடுமுன்

ஒரிகனின் வில்லமெட் பள்ளத்தாக்கில், சொந்தக் கொடியில் பூப்பறித்து பியர் காய்ச்ச ஆசைப்படும் இளையவர்களுக்கு:

1. குடித்து ரசித்த பியரை நினைத்து ரகம் தேடாதீர்கள். உங்கள் தோட்டத்து ஈரத்தைப் பார்த்துத் தேடுங்கள். இங்கே வசந்தம் முழுக்க மழை. அடிச்சாம்பல் நோய் குருத்திலேயே தொற்றிவிடும். மலைக்குக் கிழக்கே யாக்கிமாவில் காற்று வறண்டது. அங்கே செழிக்கிற ரகமெல்லாம் இங்கே தாங்கும் என்று நம்ப முடியாது.

2. முதல் கொடி கேஸ்கேடாக இருக்கட்டும். நம் மாநிலத்தில், கோர்வாலிஸில், அரசு ஆய்வுத் திட்டத்தில் பிறந்து 1972-இல் வெளிவந்த ரகம். அடிச்சாம்பல் நோயை ஓரளவு தாங்கும், தாராளமாகப் பூக்கும். கிரேப்ஃப்ரூட் தோல் மணம். அமெரிக்க பேல் ஏல் என்றதும் நாக்கு நினைப்பது பெரும்பாலும் இந்த மணத்தைத்தான்.

3. இன்னொன்றுக்கு இடமிருந்தால் வில்லமெட். இங்கிலாந்தின் ஃபக்கிள் வழி வந்தது, 1976-இல் வெளியானது. அடக்கமான மண்மணம், பழுப்பு ஏல்களுக்கு நல்லது.

4. ஸாட்ஸ், ஹாலர்டாவ் இரண்டும் அருமையானவை. ஆனால் தம் ஊரை விட்டு வந்தால் விளைச்சலில் கஞ்சத்தனம் காட்டும். கை பழகிய பிறகு பார்க்கலாம்.

5. சிட்ரா, மொசைக் கிழங்குகளுக்காக அலையாதீர்கள். அவை உரிமையாளர்களின் காப்பில் உள்ள ரகங்கள். வீட்டுத் தோட்டத்துக்கு விற்பதில்லை.

6. இதை மட்டும் நன்றாக மனதில் வையுங்கள். கசப்புக்காகக் கொடி வளர்க்க வேண்டாம். கசப்பைத் தருவது ஆல்பா அமிலம். கேஸ்கேடில் அது பொதுவாக 4.5 முதல் 7 சதவீதம். ஆனால் உங்கள் கொடியில் இந்த ஆண்டு எவ்வளவு என்பதை ஆய்வகம்தான் சொல்லும். வெயில், பறித்த நாள், உலர்த்திய விதம் எல்லாமே அதை மாற்றும். ஒரு மணி நேரக் கொதிப்புக்கு, சதவீதம் அச்சிட்ட மேக்னம் ரக ஹாப் பொட்டலத்தை வாங்கிக்கொள்ளுங்கள். சொந்தப் பூவைக் கடைசி ஐந்து நிமிடத்திலோ அடுப்பை அணைத்த பிறகோ போடுங்கள். நெடுநேரம் கொதித்தால் மண எண்ணெய் ஆவியோடு போய்விடும்; அதற்காகத்தானே இத்தனை பாடும்? உலர்த்தாத பூவென்றால் நான்கைந்து மடங்கு எடை வேண்டும்.

7. நாற்றுப்பண்ணையில் பெண் கொடியின் கிழங்குத் துண்டாகக் கேட்டு வாங்குங்கள்; கரும்புக் கரணை போல நட்டால் முளைக்கும். ஐந்து மீட்டர் ஏறக் கயிறு கட்டுங்கள். வெவ்வேறு ரகங்களுக்கு நடுவே இரண்டு மீட்டராவது விடுங்கள், பெயர்ப்பலகையும் வையுங்கள். கிழங்குகள் மண்ணுக்கடியில் ஓடி ஒன்றோடொன்று கலந்தால் பிரித்தறிவது கடினம். முதலாண்டு பூ குறைவு என்று பிடுங்கிவிடாதீர்கள். மூன்றாம் ஆண்டு வரை பொறுங்கள்.

8. வீட்டில் நாய் இருந்தால், காய்ச்சி வடித்த ஹாப் சக்கையை அது எட்டும் குப்பையில் போடாதீர்கள். தின்றால் உடல் கொதித்து உயிருக்கே ஆபத்தாகலாம்.